மயில் தோகையும் மேஜை டிராயரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சீர்செய்து எழுதித் தரப்பட்டது.)



நான் 2009-இல் மெக்கானிக்கல் பிரிவில் படிப்பை முடித்து வெளியே போனவன். தற்போது தரக்கட்டுப்பாட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன். நம் செயலாளர் போன் செய்து, "டெக்னிக்கலா ஏதாவது பேசு. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் உன் அமர்வு. யாரும் தூங்கிடக் கூடாது, பார்த்துக்கோ" என்றார். பாயசத்துக்குப் பிறகு பம்ப், வால்வு என்று ஆரம்பித்தால் முன் வரிசையே சாய்ந்துவிடும். ஆகவே இன்றைக்கு மயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். எந்த இன்ஜினியருக்கும் உபயோகப்படுகிற ஒரு பாடம் அதில் இருக்கிறது. பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு விராலிமலைக்குப் போயிருந்தோம். படியேறும்போது ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இரண்டு பெண் மயில்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. எட்டு வயது மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, ஆண் மயிலுக்கு மட்டும் எதுக்கு அவ்ளோ பெரிய தோகை? அது பாட்டுக்கு ஆடுது, இதுங்க கண்டுக்கவே இல்லையே?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். எட்டு வயசுக் குழந்தை கேட்ட அதே கேள்வியில் விஞ்ஞானிகளும் நூற்றைம்பது வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சார்லஸ் டார்வின் 1859-இல் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டார். பிழைக்க உதவும் குணம் நிலைக்கும், உதவாதது கழியும். சரி, அப்படியென்றால் மயில் தோகை? எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும், பறக்கும்போது பாரம். அடுத்த வருஷமே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மயில் இறகைப் பார்த்தாலே தனக்கு உடம்பு என்னமோ செய்கிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் கண்ட விடை 1871-இல் புத்தகமாக வந்தது. பெண் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அது நிலைக்கும், பிழைப்புக்கு இடைஞ்சலாக இருந்தாலும் சரி. இதற்குப் பாலினத் தேர்வு என்று பெயர். ஆண்கள் தங்களுக்குள் சண்டை போட்டு ஜெயிப்பது இதன் ஒரு பாதி, பெண் தேர்ந்தெடுப்பது இன்னொரு பாதி.

நல்ல கொள்கைதான். ஆனால் நாம் இன்ஜினியர்கள். "டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சா?" என்றுதான் கேட்போம்.

டெஸ்ட் பண்ணிப் பார்த்தார்கள். சுவீடனைச் சேர்ந்த மால்ட்டே ஆண்டர்சன் கென்யாவின் புல்வெளியில் செய்த சோதனை 1982-இல் வெளியானது. அங்கே ஒரு கறுப்புக் குருவி உண்டு. உடம்பு சின்னது, ஆணின் வாலோ அரை மீட்டர். அவர் 36 ஆண் குருவிகளைப் பிடித்தார். சிலவற்றின் வாலை வெட்டிக் குட்டையாக்கினார். வெட்டிய இறகை வேறு சிலவற்றுக்குப் பசை போட்டு ஒட்டி நீளமாக்கினார். இன்னும் சிலவற்றுக்கு வாலை வெட்டி அதே நீளத்தில் திரும்ப ஒட்டினார். மீதியைத் தொடவே இல்லை. மூன்றாவது குழு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசையும் கத்தரியும் ஏதாவது வித்தியாசம் செய்கிறதா என்று பார்ப்பதற்கு. யார் இடத்தில் எத்தனை கூடு வருகிறது என்று எண்ணினார். வால் நீட்டப்பட்ட ஆண்களின் இடத்தில்தான் கூடுகள் அதிகம். தெளிவான டிசைன், தெளிவான ரிசல்ட். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிற சோதனை இது.

இப்போது மயிலுக்கு வருவோம். 1991-இல் மரியன் பெட்ரி என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் சுதந்திரமாகத் திரிந்த மயில்களைக் கவனித்து, தோகையில் கண் புள்ளிகள் அதிகமுள்ள ஆணையே பெண்கள் விரும்புகின்றன என்று எழுதினார்கள். 1994-இல் சில ஆண்களின் தோகையிலிருந்து புள்ளிகளை வெட்டி எடுத்துப் பார்த்தபோது அவற்றின் மவுசு குறைந்தது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஜப்பானின் இசு பகுதியில் ஒரு பூங்காவில் உள்ள மயில்களை மாரிகோ தாகாஹாஷியும் அவருடைய குழுவினரும் ஏழு வருஷம் கவனித்தார்கள். நம்ம ஊர் நீல மயில்தான். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: பெண் மயில்கள் தோகையின் சிறப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை. 2011-இல் ராஸ்லின் டேகின், ராபர்ட் மான்ட்கோமரி என்ற கனடா நாட்டு ஆய்வாளர்கள் வட அமெரிக்காவில் உள்ள மயில்களை ஆராய்ந்து இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு வழி சொன்னார்கள். நிறையப் புள்ளிகளை வெட்டி எடுத்தால் அந்த ஆணுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். ஆனால் இயற்கையாக இருக்கிற அளவுக்குள், கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்பதை வைத்து யாருக்கு யோகம் என்று சொல்ல முடியவில்லை. நம் கல்யாண மார்க்கெட் மாதிரிதான். டிகிரியே இல்லை என்றால் பேச்சு நின்றுவிடும். டிகிரி இருந்தால் 78 சதவீதமா 81 சதவீதமா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே கேள்வி, மூன்று விதமான பதில். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எதை நம்புவது? எல்லா ஆய்வுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உண்மை வந்துவிடாதா? இந்த யோசனை பழசு. கார்ல் பியர்சன் 1904-லேயே டைபாய்டு தடுப்பூசி பற்றிப் பல இடங்களிலிருந்து வந்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். 1976-இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கர் இந்த முறைக்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர் வைத்தார். தமிழில் தொகுப்பாய்வு என்று சொல்லலாம். பெரிய ஆய்வுக்கு அதிக எடை, சின்ன ஆய்வுக்குக் குறைந்த எடை கொடுத்துச் சேர்ப்பது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது என்ன என்று நம் கல்லூரியை வைத்தே சொல்கிறேன்.

மெட்டீரியல் டெஸ்டிங் லேப் ஞாபகம் இருக்கிறதா? மைல்டு ஸ்டீல் கம்பியை மெஷினில் மாட்டி இழுத்து யங்ஸ் மாடுலஸ் கண்டுபிடிப்போம். விடை சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன் வர வேண்டும். அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ரீடிங் சரியாக வந்தால் ரெக்கார்டில் ஏற்றுவோம். வரவில்லை என்றால்? (சிரிப்பு) ஆமாம், சீனியர் ரெக்கார்டு எதற்கு இருக்கிறது! எங்கள் பேட்ச்சில் அறுபது பேருக்கும் 2 லட்சத்தை ஒட்டியே வந்தது. பேராசிரியர் ரெக்கார்டுகளைப் புரட்டிவிட்டு, "உங்க பேட்ச் வந்தா மெஷின்கூடப் பயந்துக்கிட்டு ஒழுங்கா வேலை செய்யுது போல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த ரெக்கார்டுகளையெல்லாம் சேர்த்து ஒருவர் தொகுப்பாய்வு செய்தால் பிரமாதமான விடை வரும். ஆனால் அது கம்பியைப் பற்றிச் சொல்லாது. எங்களைப் பற்றித்தான் சொல்லும்.

விஞ்ஞானிகள் யாரும் சீனியர் ரெக்கார்டைக் காப்பியடிப்பதாக நான் சொல்ல வரவில்லை. அங்கே நடப்பது இன்னும் நாசூக்கானது. "தொடர்பு இருக்கிறது" என்ற முடிவு வந்தால் கட்டுரை எழுதுகிறார்கள், பத்திரிகையும் போடுகிறது. "ஒன்றும் தெரியவில்லை" என்று வந்தால் எழுதுகிறவருக்கே உற்சாகம் இருப்பதில்லை. எழுதினாலும் பத்திரிகைக்கு ஆர்வம் இல்லை. தாள் மேஜை டிராயருக்குள் போய்விடுகிறது. ராபர்ட் ரோசென்தால் 1979-இல் இதற்கு வைத்த பெயரே டிராயர் பிரச்சினைதான். அதற்கு முன் 1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் நான்கு உளவியல் பத்திரிகைகளைப் புரட்டி, புள்ளியியல் சோதனை செய்த கட்டுரைகளில் 97 சதவீதம் "ஆம், விளைவு இருக்கிறது" என்றே முடிவதாகக் காட்டினார். உலகத்தில் யாருக்கு 97 சதவீதம் பலிக்கும், சொல்லுங்கள்!

ஒரு சின்னக் கணக்கு, ரொம்பக் கஷ்டமில்லை. பிளஸ் டூவில் படித்த ஒட்டுறவுக் கெழு. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. வழக்கமான 5 சதவீத அளவுகோலில் ஒரு முடிவு தேற வேண்டுமானால், 100 பறவைகளை வைத்துச் செய்த ஆய்வில் சுமார் 0.20 வந்தால் போதும். 10 பறவைகள்தான் என்றால் 0.63 வர வேண்டும். சரி, உண்மையான தொடர்பு 0.20 என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பறவை வைத்திருக்கும் ஒரு மாணவருக்குச் சரியாக 0.20 வருகிறது. அதுதான் உண்மை. ஆனால் அளவுகோலில் தேறவில்லை, டிராயருக்குள் போகிறது. இன்னொரு மாணவருக்கு அதிர்ஷ்டவசமாக 0.65 வருகிறது. அது அச்சாகிறது. கவனித்தீர்களா? சரியான விடை டிராயரில் தூங்குகிறது, தப்பான விடை நூலகத்துக்குப் போகிறது. பிறகு ஒருவர் வந்து நூலகத்தில் இருப்பதை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன வரும்?

இது வெறும் கற்பனை இல்லை. பாலினத் தேர்வு ஆராய்ச்சியிலேயே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் சமச்சீர் என்ற யோசனை வந்தது. உடம்பின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி உள்ள ஆணைப் பெண்கள் விரும்புகின்றன, ஏனென்றால் அது நல்ல வளர்ச்சியின் அடையாளம் என்பது கருத்து. 1992-இல் ஆண்டர்ஸ் பாப்பே முல்லர் என்ற டென்மார்க் நாட்டவர், வாலின் இரு பக்கமும் சமமாக உள்ள தகைவிலான் குருவிகளுக்கே பெண்களிடம் வரவேற்பு என்று எழுதினார். பலரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முதலில் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆமாம் போட்டன. வருஷம் போகப் போக ஆமாம் குறைந்துகொண்டே வந்தது.

1998-இல் முல்லரும் ராண்டி தார்ன்ஹில் என்பவரும் 40-க்கும் மேற்பட்ட இனங்கள், 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுப்பாய்வு வெளியிட்டு, சமச்சீருக்கும் வெற்றிக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது என்றார்கள். அடுத்த வருஷமே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பால்மர் அதே தகவல்களை எடுத்து வேறு விதமாகப் பார்த்தார். அவர் பயன்படுத்திய கருவிக்குப் புனல் வரைபடம் என்று பெயர்.

அதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு புள்ளி. பெரிய ஆய்வு மேலே, சின்ன ஆய்வு கீழே. விடை எவ்வளவு என்பது இடமிருந்து வலம். பெரிய ஆய்வுகளின் விடை ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். சின்ன ஆய்வுகள் இரண்டு பக்கமும் சிதறும். மொத்தத்தில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்களே, அந்தப் புனலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கீழ் மூலை மட்டும் காலியாக இருந்தால், அங்கே இருக்க வேண்டிய ஆட்கள் டிராயருக்குள் இருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். வேறு காரணமும் இருக்கலாம். சின்ன ஆய்வுகளும் பெரிய ஆய்வுகளும் வேறு வேறு இனங்களைப் பற்றியதாகக்கூட இருக்கும். ஆனாலும் அது ஒரு எச்சரிக்கை மணி. பால்மருக்குக் கிடைத்த படம் கோணலாக இருந்தது. ஆய்வு பெரிதாகப் பெரிதாக விளைவு சிறுத்துக்கொண்டே போனது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பிறகு நடந்ததுதான். 2002-இல் அதே முல்லர், மைக்கேல் ஜென்னியன்ஸ் என்பவரோடு சேர்ந்து, சூழலியல், பரிணாமவியல் துறைகளில் வந்த 44 தொகுப்பாய்வுகளை எடுத்து ஆராய்ந்தார். காலம் போகப் போக ஆய்வுகளில் விளைவு மங்கிக்கொண்டே வருகிறது என்பதை அவர்களே எழுதினார்கள். தான் வேலை செய்த துறையின் தராசையே எடுத்து எடை போட்டுப் பார்ப்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

இன்னொரு உதாரணம் நம் வீட்டு முற்றத்தில் இருந்த சிட்டுக்குருவி. ஆண் குருவியின் தொண்டையில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். திட்டு பெரிதாக இருந்தால் அந்தக் குருவி கூட்டத்தில் பெரிய ஆள், மற்றவை அதற்கு வழிவிடும் என்று பாடப்புத்தகங்களில் வெகுகாலம் எழுதி வந்தார்கள். ஆண்களின் போட்டி பற்றிய பகுதிக்கு இது கண்கண்ட உதாரணம். 2018-இல் ஆல்ஃபிரெடோ சான்செஸ் தோஹாரும் சக ஆய்வாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். அச்சான ஆய்வுகளோடு நிறுத்தாமல், அச்சாகாத தகவல்களையும், தாங்களே காட்டுக் குருவிகளிலும் கூண்டுக் குருவிகளிலும் சேகரித்த தகவல்களையும் சேர்த்தார்கள். டிராயரைத் திறந்தார்கள் என்று சொல்லலாம். சேர்த்ததும் அந்த விளைவு சிறுத்து, இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் போயிற்று. அச்சானவற்றில் பெரிதாகத் தெரிந்தது, அச்சாகாதவற்றில் தெரியவில்லை.

அப்படியானால் டார்வின் சொன்னது தப்பா, தொகுப்பாய்வு மோசமா என்று கேட்பீர்கள். இரண்டுமே இல்லை. 2016-இல் 66 இனங்களைச் சேர்த்துச் செய்த இன்னொரு தொகுப்பாய்வு, பாலினத் தேர்வு பொதுவாக ஆண்கள் மீதே கூடுதலாக வேலை செய்கிறது என்ற டார்வினின் அடிப்படைக் கருத்தை ஆதரித்தது. கருவியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கருவிக்குள் என்ன போடுகிறோம், என்ன போடவில்லை என்பதுதான் கேள்வி.

"மயிலோ குருவியோ, எனக்கு என்னப்பா?" என்று யாராவது நினைக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறோமே! 2008-இல் எரிக் டர்னர் என்ற டாக்டரும் குழுவினரும் மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க அரசின் மருந்துத் துறையில் பதிவான 74 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். 38 சோதனைகளில் மருந்து வேலை செய்தது. அவற்றில் 37 அச்சாயின. மீதி 36-இல் முடிவு சாதகமில்லை அல்லது சந்தேகம். அவற்றில் 22 அச்சாகவே இல்லை. 11 சாதகமான மாதிரி எழுதப்பட்டு அச்சாயின. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே மூன்று. பத்திரிகைகளை மட்டும் படிக்கிற டாக்டருக்கு அந்த மருந்துகள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை வேலை செய்வதாகத் தெரியும். உண்மையில் பாதிதான். இதனால்தான் இப்போது மருந்துச் சோதனையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்யச் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் 2007-இல் அதற்கென ஒரு பதிவேடு தொடங்கி, 2009-இல் கட்டாயமாக்கினார்கள். முன்னாலேயே பதிந்துவிட்டால், பிறகு டிராயரில் போட்டாலும் காலி இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதே தப்பை நானே செய்திருக்கிறேன். மேடையில் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரி வரை யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். விவசாய மோட்டார் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். விலை குறைவான ஒரு புது மெக்கானிக்கல் சீல் வந்தது. அதை மூன்று ஷிப்டிலும் ஓட்டிப் பார்த்து, கசிவு எவ்வளவு என்று அளந்து என் மேஜைக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். ஏழு ரிப்போர்ட் வந்தது. ஏழும் நன்றாக இருந்தது. கூட்டினேன், வகுத்தேன், கிராப் போட்டேன், பழைய சீலைவிடப் புதுசு மேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷத்துக்கான ஆர்டர் போய்விட்டது. எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

அடுத்த கோடையில் புகார் வர ஆரம்பித்தது. ஒரு நாள் வயதான விவசாயி ஒருவர் பம்பைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கேட் வரைக்கும் கொண்டு வந்துவிட்டார். என்னைத்தான் அனுப்பினார்கள் பேச. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, தண்ணி கிணத்துல இருக்கு, வாய்க்கால்ல வரலே. பத்து நாளா பயிரு காயுது. நீங்க படிச்சவங்க, பாத்துத்தானே குடுத்திருப்பீங்க?" என்றார். நான் என்ன சொல்ல? "பார்த்துத்தான் கொடுத்தோம் ஐயா" என்று சொன்னேன். அந்த நேரத்தில் அதை உண்மை என்றே நம்பினேன்.

சாயந்திரம் ஷிப்ட் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினேன். ஏழு சோதனை இல்லை, பன்னிரண்டு நடந்திருக்கிறது. ஐந்தில் கசிவு அதிகம். "செட்டிங் சரியில்லை, திரும்ப ஓட்டவும்" என்று எழுதி அப்படியே விட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், தங்கமான மனிதர். "சார், சரியா வராததை எதுக்கு உங்களுக்கு அனுப்பிக்கிட்டுன்னு நெனச்சேன். நீங்களும் கேக்கலையே?" என்றார். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர் செய்தது நான் லேபில் செய்ததேதான். அவர் ரெக்கார்டில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் புது சீல் பழசைவிட மோசம். நான் ஒரே ஒரு கேள்வி, "மொத்தம் எத்தனை ஓட்டினீங்க?" என்று கேட்டிருந்தால் போதும்.

இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட் தப்பு, எழுதியது நான், காரணம் இது என்று போட்டேன். சூப்பர்வைசர் பெயரை எழுதவில்லை, கேட்காதது என் குற்றம் என்பதால். அந்த வருஷம் இன்க்ரிமென்ட் போயிற்று. அது பெரிசில்லை. அந்தப் பெரியவருக்கு சீல் மாற்றிக் கொடுத்தோம், ஆனால் காய்ந்த பயிரை யார் மாற்றித் தர முடியும்? இன்றைக்கும் எந்த ரிப்போர்ட் வந்தாலும் என் முதல் கேள்வி, "வராதது எங்கே?" என்பதுதான். என் கீழே வேலை செய்யும் பையன்கள் எனக்கு "டிராயர் சார்" என்று பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி.

முடிக்கும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆப்ரஹாம் வால்ட் என்ற கணித மேதை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் இருந்தார். குண்டு பட்டுத் திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே ஓட்டை என்று கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் அது திரும்பி வந்த விமானங்களின் கணக்குதானே? திரும்பாத விமானத்தின் ஓட்டையை யார் எண்ணினார்கள்? வந்ததை வைத்து வராததைக் கணக்கிடுவது எப்படி என்று 1943-இல் அவர் எழுதிக் கொடுத்தார். அதே வால்ட் 1950 டிசம்பரில் நம் நாட்டுக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது, நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்து போனார். ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அன்பர்களே, இன்றைக்கு இந்த ஹாலில் இருக்கும் நாமும் திரும்பி வந்த விமானங்கள்தான். போன மலரில் எங்கள் பேட்ச் பற்றி "அனைவரும் சிறப்பான நிலையில் உள்ளனர்" என்று எழுதியிருந்தார்கள். அறுபது பேருக்குப் படிவம் போனது. பூர்த்தி செய்து அனுப்பியவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவன் அனுப்பவில்லை. போன மாதம் போன் போட்டுக் கேட்டேன். "கம்பெனி மூடிட்டாங்கடா. வேலைங்கிற கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியல, அப்படியே டிராயர்ல போட்டுட்டேன்" என்றான். அவன் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கு அவன் வந்திருக்கிறான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வேலை ஏதாவது தெரிந்தால் டீ இடைவேளையில் அவனிடம் பேசுங்கள். நல்ல டிசைன் இன்ஜினியர்.

எனக்கு இரண்டே விண்ணப்பம். ஒன்று, சங்கத்துக்கு. வராதவர்களுக்கும் ஒரு போன் போடுவோம். "நல்லா இருக்கியா?" என்று கேட்போம், "என்னவா இருக்கே?" என்று கேட்க வேண்டாம். இரண்டாவது, கல்லூரிக்கு. வருஷா வருஷம் சிறந்த புராஜெக்டுக்குப் பரிசு கொடுக்கிறோம், நல்ல காரியம். கூடவே, ஒழுங்காகச் செய்தும் எதிர்பார்த்த விடை வராத புராஜெக்டுகளுக்கும் நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்குங்கள். அடுத்து வரும் மாணவன் அதே சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருப்பான். அலமாரி வாங்கும் செலவு என்னுடையது, முதல்வர் அவர்கள் இடம் மட்டும் காட்டினால் போதும். (கைதட்டல்)

மகளுக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. "தோகை ஒரு அளவுக்கு மேலே இருந்தா போதும்போல இருக்கும்மா, மத்ததை இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்றேன். "அப்போ அந்த ரெண்டு மயிலும் பார்க்கவே இல்லையே, அதையும் எழுதிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சின் சாரம்.